ஹென்றி கோ பூங்காவில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் ஹென்றி கோ மாநிலப் பூங்கா. 87,000 ஏக்கர் மலைக்காடு. பழைய மாட்டுப் பண்ணைச் சாலைகளை விட்டால் உள்ளே பெரிதாக எதுவும் கட்டப்படவில்லை. வசந்தத்தில் பூ பூத்ததும் புதியவர்கள் வந்து குவிகிறார்கள். நாங்களெல்லாம் தொடக்கத்தில் அடித்த அதே கூத்தை அடிக்கிறார்கள். தொப்பி, காலணி பற்றி இங்கே பேசப்போவதில்லை.

தண்ணீரைப் பாதியாகப் பிரிப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். இங்கே பார்வையாளர் மையமே சுமார் 2,600 அடி உயரத்தில் இருக்கிறது. எல்லாரும் ஆசைப்படும் சைனா ஹோல் மடு, கயோட்டி ஓடையில், ஏறக்குறைய 1,400 அடி கீழே. காலைக் குளிரில் ஐந்து மைல் இறக்கம், தாகமே தெரியாது. மடுவில் குளித்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, சற்றே கண்ணயர்ந்து எழுந்தால் மணி இரண்டு. அதன்பிறகுதான் ஏற்றம். கோடையில் அந்த நேரத்தில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம்.

ஒருமுறை அந்த ஏற்றத்தில் ஓர் இளம் தம்பதி நடுப்பாதையில் உட்கார்ந்திருந்தார்கள். "பாதித் தண்ணீரை மிச்சம் வைத்துத்தான் திரும்பினோம், அண்ணா" என்றார் அந்தத் தம்பி, கணக்கில் பிழையே இல்லை என்பதுபோல. தூரம்தான் பாதி, உழைப்பு பாதியா? மூன்றில் இரண்டு பங்கு ஏற்றத்துக்கு வேண்டும். அவர் மனைவியோ பேசும் நிலையிலேயே இல்லை. என் குடுவையைக் கொடுத்து, வெயில் தாழும்வரை ஒரு புதரின் அரைநிழலில் இருவரையும் உட்காரவைத்தேன். கைப்பேசியில் சிக்னல் இல்லை. உதவி கேட்பதென்றாலும் யாராவது மேலே ஏறிப் போய்த்தான் கேட்க வேண்டும்.

"ஓடையில் பிடித்துக்கொள்வோம்" என்பவர்களும் உண்டு. கோடையின் பிற்பகுதியில் பல ஓடைகள் வற்றிவிடும். ஓடினாலும் வடிகட்டாமல் குடிக்க முடியாது. காட்டுப்பன்றிகள் புரளும் நீர் அது. எந்த ஓடையில் நீர் இருக்கிறது என்று கிளம்பும்முன் மையத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

மைல் கணக்கை நம்புவது

பண்ணைச் சாலைகள் சரிவில் வளைந்து வளைந்து ஏறுவதில்லை. பல இடங்களில் நேரே மேலே போகின்றன. வரைபடத்தில் மைலை விட்டுவிட்டு உயரக் கோடுகளைப் பாருங்கள்.

இலையில்லாத பாய்சன் ஓக்

தொட்டால் அரிக்கும் புதர்ச்செடி இது. குளிர்காலத்தில் வெறும் குச்சியாக நிற்கும்போதும் அரிப்பு தரும் எண்ணெய் அதில் உண்டு. உடையில் ஒட்டி வீட்டுச் சோபாவரை வரும்.

உண்ணி

வீடு திரும்பிய அன்றிரவே உடம்பில் தேடுங்கள். அக்குள், முழங்கால் மடிப்பு.

பெட்ரோல்

மலையடிவார ஊரான மார்கன் ஹில்லிலேயே நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து சுமார் 13 மைல் வளைந்து ஏறும் சாலை. மேலே பங்க் கிடையாது.