நல்ல கேம் வேறு, நல்ல போர்ட் வேறு: கன்சோல் கேமை பிசியில் வாங்குவதற்கு முன்

2015 ஏப்ரலில் ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது. கன்சோலில் (பிளேஸ்டேஷன், அதாவது பிஎஸ், மாதிரி டிவியில் இணைத்து ஆடும் பெட்டி) வெளியாகி ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ஆனால் காக்க வைத்ததற்கு வஞ்சனை இல்லாமல் உழைத்திருந்தார்கள். 4கே துல்லியம், விநாடிக்கு 60 ஃபிரேம் (அதாவது 60 படம்), நினைத்த அளவுக்கு ஏற்றி இறக்கிக்கொள்ள செட்டிங்ஸ் என்று எல்லாம் இருந்தது. சுமாரான கிராபிக்ஸ் கார்டிலும் ஓடியது. அதே வருடம் ஜூன் 23 அன்று பேட்மேன்: ஆர்க்கம் நைட் வந்தது. விநாடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் போகாதபடி பூட்டு போட்டிருந்தார்கள். பெரிய விலை கொடுத்து கார்டு வாங்கியவர்களுக்கும் திக்கித் திக்கித்தான் ஓடியது. ஓரிரு நாளிலேயே பிசி விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் விற்பனைக்கு வந்தது அக்டோபர் கடைசியில்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஜிடிஏ வரிசையில் முந்தைய பெரிய கேமான நான்காம் பாகம் 2008இல் பிசிக்கு வந்தபோது மோசமாக ஓடியது. ஆர்க்கம் வரிசையின் முதல் கேம் 2009இல் பிசியில் நன்றாக ஓடியது. பழைய அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால் இரண்டிலும் ஏமாந்திருப்போம். பலர் செய்யும் முதல் தவறு இதுதான். "ஃபிரண்டு வீட்ல பிஎஸ்ஃபோர்ல ஆடினேன், செம கேம்" என்று சொல்லி, பிசி பதிப்பைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் காசைக் கட்டிவிடுகிறார்கள். கன்சோலில் வாங்கிய மதிப்பெண் கதைக்கும் ஆட்டத்துக்கும் உரியது. பிசிக்கு மாற்றிய வேலை, அதாவது போர்ட், தனி வேலை. பல நேரம் அதைச் செய்பவர்களே வேறு ஆட்கள்.

அதனால் கேமின் பெயருக்குப் பக்கத்தில் போர்ட் செய்தவர்களின் பெயரையும் தேடுங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நிக்ஸஸ் என்று ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. 2021இல் சோனி அதை வாங்கியது. 2022இல் ஸ்பைடர்மேன், 2024இல் கோஸ்ட் ஆஃப் சுஷிமா இரண்டையும் பிசிக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். மவுஸ், கீபோர்டு, அகலத் திரை, சின்ன கார்டு, பெரிய கார்டு என எல்லாவற்றையும் யோசித்துச் செய்த கை அது. படங்களில் கேமராமேன் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி இதையும் பழக்கிக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெளியான வாரம் கிளம்பிய திட்டை வைத்தே காலத்துக்கும் ஒதுக்கிவிடுவது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் 2023 மார்ச் கடைசியில் பிசிக்கு வந்தபோது ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. அடுத்தடுத்து பேட்ச் (கோளாறைத் திருத்தும் அப்டேட்) வந்து நிறைய சரியானது. 2020இல் பிசிக்கு வந்த ஹரைசன் ஸீரோ டானுக்கும் அதே கதைதான். நியர் ஆட்டோமேட்டா இன்னும் கொடுமை. 2017இல் பிசிக்கு வந்த கேமுக்கு உருப்படியான பேட்ச் கிடைத்தது 2021இல். அதுவரை ரசிகர் ஒருவர் தானாக எழுதிக் கொடுத்த 'மாட்' என்கிற திருத்த நிரல்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. ஆகவே விமர்சனம் படிக்கும்போது முதலில் தேதியைப் பாருங்கள். ஸ்டீமில் கடந்த முப்பது நாள் விமர்சனங்களைத் தனியாகக் காட்டும் இடம் இருக்கிறது. என் கணக்கில் மொத்த மதிப்பெண்ணைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். பெரிய கேம் வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கில் விலை கேட்கிறார்கள். ஆறு மாதம் பொறுத்தால் பெரும்பாலும் பேட்சும் வந்துவிடும், விலையும் இறங்கிவிடும்.

பணத்தைத் திரும்பப் பெறும் வசதியை வீணடிப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். டவுன்லோட் ஆகும் நேரம் இந்தக் கணக்கில் வராது. ஆனால் கேமைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் ஓடும். முதல் ஒரு மணி நேரம் கதைக் காட்சியிலும் வீட்டுக்குள் நடப்பதிலும் போய்விடுகிறது. அங்கே எந்த போர்ட்டும் நன்றாகத்தான் ஓடும். சீக்கிரம் வெளியே வந்து, கூட்டம், மழை, சண்டை என்று கார்டு மூச்சு வாங்கும் இடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது ஷேடர். போர்ட் பற்றிய புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திரையில் தெரியும் வெளிச்சம், நிழல், தண்ணீரின் மினுமினுப்பு எல்லாவற்றுக்கும் ஷேடர் என்கிற சிறு நிரல்கள் வேண்டும். கார்டுக்குப் புரியும் மொழியில் அவை மாற்றப்பட்டிருக்க வேண்டும். கன்சோல் என்பது ஒரே அளவு உடம்பு. பிஎஸ் 5க்கு ஒருமுறை தைத்தால் போதும், உலகத்தில் உள்ள எல்லா பிஎஸ் 5க்கும் பொருந்தும். அதனால் கேமோடு சேர்த்தே ரெடிமேடாக அனுப்பிவிடுகிறார்கள். பிசி அப்படியா? என் கார்டு வேறு, உங்கள் கார்டு வேறு, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் வேறு. ஒவ்வொரு உடம்புக்கும் அளவெடுத்து அந்த வீட்டிலேயே தைக்க வேண்டும். நல்ல போர்ட்டாக இருந்தால் விளையாட்டு தொடங்கும் முன்பே உட்கார்ந்து தைத்துவிடும். மோசமான போர்ட்டாக இருந்தால் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, புதிதாக ஒரு வெடிப்பு வரும் நொடியில் நிறுத்தித் தைக்கும். அந்த அரை விநாடி உறைவுக்குப் பெயர்தான் ஸ்டட்டர்.

இதில் நாம் செய்யும் தவறு, ஆரம்பத் திரையில் ஷேடர் தயாராகிறது என்று சதவீதம் ஓடும்போது பொறுமையில்லாமல் ஸ்கிப் பண்ணுவது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் வெளியானபோது இதற்கே பலருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெறுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் காத்திருங்கள். டிரைவரை அப்டேட் செய்தால் பெரும்பாலும் மறுபடி முதலில் இருந்து தைக்கும். எனவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட உட்காரும் முன் டிரைவர் அப்டேட் வேண்டாம், அதை முந்தின ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் பூட்டை உடைப்பதும் ஆபத்தான ஆசை. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 படம் காட்டும்) இருக்கிறதே, கேம் ஏன் 30இல் ஓட வேண்டும் என்று கேமின் செட்டிங்ஸ் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திருத்துகிறோம். பழைய கன்சோல் கேம்கள் சிலவற்றில் நேரத்தைக் கணக்கிடும் கடிகாரமே ஃபிரேம்தான். 2013இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸில் 30 பூட்டைக் கழற்றி 60 ஆக்கியவர்களுக்குக் கேமே இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. டார்க் சோல்ஸ் 2 நுட்பமான கேஸ். பிசியில் 60 ஃபிரேமில் அழகாக ஓடியது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் கன்சோலில் 30 ஃபிரேமில் ஆடியவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாக ஆயுதம் தேய்ந்தது. 2015இல்தான் சரிசெய்தார்கள். 2017இல் பிசிக்கு வந்த வேன்குவிஷில் ஃபிரேம் கூடக்கூட எதிரியின் குண்டு கூடுதலாக வலித்தது. மற்றபடி அருமையான போர்ட். அந்தக் குறையையும் பிறகு பேட்ச் வந்து தீர்த்தது. பூட்டைப் பார்த்தால் சோம்பேறித்தனம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எல்டன் ரிங்குக்கு 60தான் எல்லை. மாட் போட்டு அதைத் தாண்டினால், ஆன்லைனில் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரலை அணைத்துவிட்டு ஆஃப்லைனில்தான் ஆட முடியும்.

மெமரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிஎஸ் 5இல் மொத்தம் 16 ஜிபி, அதை பிராசசரும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ளும். நம்மிடம் ரேம் தனி, கார்டில் உள்ள மெமரி தனி. 6 ஜிபி, 8 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சரை (சுவர், துணி, தோல் மேல் ஒட்டும் படங்கள்) அல்ட்ராவில் வைத்தால் நிரம்பி வழிந்துவிடும், திக்கல் ஆரம்பிக்கும். ஒரு படி இறக்கி ஹையில் வையுங்கள், முழு எச்டி திரையில் பல கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே படாது. எல்லாவற்றையும் லோவில் போட்டு கேமையே அசிங்கமாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

இனி நம் வீட்டு விஷயம். போன மே மாதம், கத்திரி வெயில் நேரத்தில், கொளத்தூரில் இருக்கும் அக்கா மகன் போன் போட்டான். "மாமா, காட் ஆஃப் வார் போர்ட்டே சரியில்ல மாமா. இருபது ஃபிரேம்கூட வரல. காசு வேஸ்ட்." எனக்கு நம்ப முடியவில்லை. 2022 ஜனவரியில் வந்த அந்த போர்ட் எனக்குத் தெரிந்து மிகச் சுத்தமானவற்றில் ஒன்று. நேரில் போனேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த சிஸ்டம், நல்ல கார்டுதான். கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்திருந்தான். இழுத்துத் திருப்பினால், எச்டிஎம்ஐ கேபிள் மேலே மதர்போர்டில் சொருகியிருந்தது. கீழே கிராபிக்ஸ் கார்டில் கேபிள் சொருகும் மூன்று துளைகளும் பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றாமல் சும்மா கிடந்தன. அத்தனை நாளும் பிராசசருக்குள் இருக்கும் குட்டி கிராபிக்ஸில்தான் ஆடியிருக்கிறான்.

"டேய், கார்டு வாங்கி எட்டு மாசம் ஆச்சேடா."

"படம் வந்துச்சு மாமா, அதான் நான் பாக்கல."

கேபிளை மாற்றியதும் எழுபதைத் தொட்டது. அதோடு முடியவில்லை. அரை மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. உள்ளே திறந்தால் ஃபேன் இறக்கைகளில் ரோட்டுப் புழுதி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. ரேமும் ஒற்றைக் குச்சி, 16 ஜிபி. எட்டு எட்டாக இரண்டு போட்டிருந்தால் அதே ரூபாய்க்கு இன்னும் வேகம் கிடைத்திருக்கும். கடையில் "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் தம்பி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பின்னாடி பலருக்கு வருவதே இல்லை, அதனால் வாங்கும்போதே ஜோடியாகக் கேளுங்கள்.

சென்னை வெயிலை எந்த போர்ட்டும் கணக்கில் எடுப்பதில்லை. சூடு ஏறினால் கார்டும் பிராசசரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மெத்தை மேல் வைத்து ஆடினால் காற்று போக வழியே கிடையாது. ஏசி இல்லாத அறையில் ஃபிரேமை நீங்களே 60இல் கட்டிவிடுவது நல்லது. தொண்ணூறுக்கும் ஐம்பதுக்கும் இடையே ஊசலாடுவதைவிட, அறுபதில் அசையாமல் நிற்பது கண்ணுக்கு இதம். டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெட்டுவிடும் வாய்ப்பு உண்டு.

கன்ட்ரோலர் பற்றிச் சுருக்கமாக. டூயல்சென்ஸ் (பிஎஸ் 5இன் கன்ட்ரோலர்) வைத்திருப்பவர்கள் புளூடூத்தில் இணைத்துவிட்டு டிரிகர் இறுகவில்லை, போர்ட் சரியில்லை என்கிறார்கள். சோனி கேம்கள் பலவற்றில் அந்த வசதிக்கு யுஎஸ்பி கேபிள் வேண்டும். பழைய போர்ட்களை வாங்கும்போது மவுஸ் ஒத்துழைக்குமா என்று பாருங்கள். 2007இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4இன் பிசி பதிப்பில் மவுஸால் குறிபார்க்கவே முடியாது.

கொஞ்சம் பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது பயோனெட்டா. கன்சோலில் 2009இல் வந்தது, பிசிக்கு 2017இல். எளிய மெஷினிலும் 60 ஃபிரேம் அசையாமல் நிற்கும். ஓரளவு நல்ல கார்டு இருந்தால் 2021இல் பிசிக்கு வந்த டேஸ் கான். முந்நூறு, நானூறு பேராக ஜாம்பிக் கூட்டம் துரத்தும்போதும் திக்காது. அக்கா மகனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது கேபினட்டை மேசைக்கு வெளியே எடுத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு வைத்திருக்கிறான். மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனைத் துடைக்கிறான். அக்கா பக்கத்து அறையில் இருந்து, "என்னடா, அந்த மிக்ஸி சத்தம் நின்னுடுச்சு?" என்று கேட்டாளாம்.