கைக்குழியை வெட்டாதீர்கள்: பிளவுஸ் தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையல் பழக வருபவர்கள் கொண்டுவந்து காட்டும் பிளவுஸ்களைப் பார்த்தால், பழகுகிற காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கோணல் தையல், நூல் அறுவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். துணியையே பாழாக்குகிறவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கை இறுக்கினால் கைக்குழியை வெட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். பிளவுஸைப் போட்டுக் கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கிறது. உடனே பிளவுஸின் கையைப் பிரித்து, அதைப் பொருத்தும் வளைவான கைக்குழியை இன்னும் அரை அங்குலம் கீழே வெட்டி, மறுபடி பொருத்துகிறார்கள். சும்மா நிற்கும்போது இறுக்கம் போய்விட்டது போலத்தான் இருக்கும். கையைத் தூக்கினால் பிளவுஸ் மொத்தமும் கூடவே மேலே ஏறும். கைக்குழி கீழே இறங்கினால் அக்குளிலிருந்து இடுப்பு வரையுள்ள பக்கத் தையல் குட்டையாகிவிடும். கை மேலே போக அங்கேதான் துணி வேண்டும். அதைத்தான் வெட்டிப் போட்டுவிட்டார்கள். போதாக்குறைக்குக் குழியின் சுற்றளவு கூடிவிடுவதால் பழைய கை அதற்குப் பத்தாது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் தோளில் சுருக்கம் விழும்.

சமீபத்தில் ஒரு பெண் தன் அக்காவின் கல்யாணப் பட்டு பிளவுஸை எடுத்து வந்தாள். இரண்டு முறை வெட்டியிருந்தாள். புடவையோடு வந்த துணி அது, கடையில் போய்க் கேட்டால் கிடைக்குமா? புரட்டிப் பார்த்தால் இரண்டு கையும் இடம் மாறியிருந்தன. கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடக் கூடுதலாகக் குடைந்திருக்கும். அது முதுகுப் பக்கம் போனால் இழுக்கத்தானே செய்யும்? கைகளை மாற்றிப் பொருத்தியிருந்தாலே போதும், கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. கடைசியில் வெட்டி மீந்த துணியில் டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டு எடுத்து அக்குளில் ஒட்டுப் போட்டோம். கை கீழே இருந்தால் தெரியாது. மாலை போடக் கையைத் தூக்கினால் தெரியும்.

அதனால் கை இறுக்கினால் முதலில் கை இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அக்குள் வளைவில் உள்ளே விட்ட துணிக்குச் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுக்காவிட்டால் வளைவு விரியாமல் பிடிக்கும். தையலுக்கு ஒரு நூல் முன்னாலேயே வெட்டை நிறுத்திவிடுங்கள். அப்போதும் இறுக்கினால் அக்குளை ஒட்டிய பக்கத் தையலைப் பிரித்து, கால் அங்குலம் வெளியே தள்ளித் தையுங்கள். பெரும்பாலும் இதற்குள் சரியாகிவிடும்.

பக்கத்தில் விட்ட துணியை நறுக்குவது

உள்ளே ஒன்றரை அங்குலம் துணி இருந்தால் அசிங்கம் என்று நினைத்து, ஒட்ட நறுக்கி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துவிடுகிறார்கள். நாளைக்கு உடம்பு வைத்தால் எதைப் பிரித்து விடுவது? மேலே சொன்ன கால் அங்குலமும் இந்தத் துணியிலிருந்துதான் வரவேண்டும். பட்டு மட்டும் கொஞ்சம் கவனம்: பிரித்தால் பழைய ஊசித்துளை தெரியும். முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு, உடுத்திப் பார்த்து, அளவு சரி என்றால் அப்புறம் மெஷினில் வையுங்கள்.

லைனிங்கை நனைக்காமல் வெட்டுவது

காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கும். மேல்துணி அதே அளவு சுருங்காது. தையல் முழுக்கச் சுருக்கம் விழும். நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகு வெட்டுங்கள்.

அடியில் நூல் சிக்கினால் பாபினைத் திருகுவது

அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் கோளாறு பெரும்பாலும் அடிநூல் சுற்றிய பாபினில் இல்லை, மேல்நூலில்தான். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து கோத்துவிடுங்கள். கால் இறங்கியிருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காராது.

மழுங்கிய ஊசி

மாற்றுங்கள். பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, சாதாரணக் காட்டனுக்கு 14ஆம் நம்பர்.