தெருநாய் வீட்டுநாயாக: இலங்கை மலையகத்து வீடுகளுக்கான செய்முறை

காயத்தோடு திரிந்த ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவர முடிவு செய்துவிட்டீர்கள். நல்ல காரியம். ஆனால் வந்த உடனே அது வாலாட்டிக்கொண்டு மடியில் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல நாய்கள் முதல் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். பயம் தெளிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அடிபட்டு வளர்ந்த நாய்க்கு இதைவிடக் கூடுதல் காலமும் ஆகும். அந்தக் காலம் முழுவதும் நாம் செய்ய வேண்டிய பெரிய வேலை, அதை அவசரப்படுத்தாமல் இருப்பதுதான்.

1. முதலில் ஒரு மூலை

நாய் வருவதற்கு முன்பே இடத்தைத் தயார் செய்யுங்கள். லயத்து வீடுகளில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாயை இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கட்டுவதுதான் வழக்கம். புதிய நாய்க்கு அது சரிவராது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் அதைத் தாண்டித்தான் போவார்கள். உள்ளே, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை போதும். சீமெந்துத் தரை குளிரும் என்பதால் ஒரு பலகை போட்டு, அதன்மேல் சாக்கோ பழைய கம்பளியோ விரியுங்கள். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். அந்த மூலைக்குள் அது போய்விட்டால் யாரும் கையை நீட்டி இழுக்கக் கூடாது.

2. கால்நடை வைத்தியர்

வீட்டுக்கு வரும் வழியிலேயே அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டிவிட்டால் நல்லது. குடற்புழு மருந்து, தடுப்பூசிகள், கருத்தடை எல்லாவற்றையும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை இரண்டையும் சேர்க்காதீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் வெகு சீக்கிரம் தொற்றும்.

விசர்நோய் (ரேபிஸ்) ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் இலவச ஊசி எங்கே, எப்போது என்று சொல்வார்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: கிருமி உடம்பில் புகுந்த பிறகு அறிகுறி தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். இன்று ஊசி போட்டாயிற்று என்று அலட்சியமாக இருக்க முடியாது. கடித்தாலோ நகம் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உண்ணி நிறைய இருந்தால் வைத்தியர் தரும் மருந்தை மட்டும் போடுங்கள். மண்ணெண்ணெய் பூசுவது, தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் கலக்கித் தடவுவது இரண்டும் நாயைக் கொன்றுவிடக்கூடியவை. காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும் ஆபத்து. ஓடைத் தண்ணீர் குடிக்கும் நாய்க்குச் சில சமயம் மூக்குக்குள் அட்டை ஏறிவிடும். உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரலாம். மூக்கில் ரத்தம் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

3. ஆட்களைச் சமாளிப்பது

என் பார்வையில் இதுதான் கடினமான வேலை. புதுநாய் வந்திருக்கிறது என்றால் அந்த லயமே பார்க்க வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவையுங்கள்: ஒரு வாரம் போகட்டும், அப்புறம் வந்து பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் நாயின் கண்ணை உற்றுப் பார்க்காமல், கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்காருங்கள். அதுவாக வந்து முகரட்டும். தொடுவதென்றால் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கம் மெல்லத் தடவுங்கள். உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, வாலைக் காலுக்கிடையில் சுருட்டுவது எல்லாம் அதற்குப் பயமாக இருப்பதைக் காட்டும் அடையாளங்கள். கண்டதும் விலகிவிடுங்கள்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்தமுறை உறுமாமலேயே கடிக்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளைகள் கிட்டப் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையையும் புதுநாயையும் தனியே விடவும் கூடாது.

4. சாப்பாடு, வெளிக்குப் போவது

சோறும் வேகவைத்த கோழியோ முட்டையோ மீனோ போதும். மீன் என்றால் முள்ளை எடுத்துவிடுங்கள். வெங்காயம் போட்ட கறி, சமைத்த எலும்பு, சாக்லேட், திராட்சை வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய், அங்கே மலசலம் கழித்தவுடன் பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள்.

5. இரவு

இரவில் வெளியே கட்டிப்போடாதீர்கள். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. நாய் அதற்குச் சுலபமான இரை, கட்டியிருக்கும் நாயால் ஓடவும் முடியாது. குளிரும் சின்ன விஷயமில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் சில இரவுகளில் உறைபனியே விழுகிறது. பகலிலும் முதல் சில வாரங்கள் கயிறு இல்லாமல் வெளியே விட வேண்டாம். பயந்து ஓடினால் வழி தெரியாது, காட்டோரத்தில் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியிலும் மாட்டிக்கொள்ளும்.

தீபாவளி வெடி, காமன் கூத்துத் தப்புச் சத்தம், ஐப்பசி இடி எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். சத்தம் தொடங்கும் முன்பே உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

6. தனியே இருக்கப் பழக்குவது

வீட்டில் எல்லோரும் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் என்றால், இதை முதல் வாரமே தொடங்குங்கள். ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் கடைவரைக்கும். போகும்போதும் வரும்போதும் பெரிதாகக் கொஞ்சவோ குரல் கொடுக்கவோ வேண்டாம். ஊளையிடத் தொடங்கினால் நேரத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஏற்றுங்கள். மாதங்கள் கழிந்தும் தொட்டாலே சீறுகிறது என்றால் வைத்தியரிடம் மறுபடி காட்டுங்கள். பழைய காயத்தின் வலியோ காதுப் புண்ணோகூடக் காரணமாக இருக்கலாம்.