குழந்தைகளுக்கான பின்னல், குரோஷா பேட்டர்ன் தேடுவது எப்படி: முதலில் டேப், அப்புறம் தேடல்

குழந்தைக்கு ஏதாவது பின்னலாம் என்று தோன்றியதும் நாம் முதலில் செய்வது படம் பார்ப்பதுதான். அழகான ஒரு ஸ்வெட்டர் கண்ணில் படும், உடனே பேட்டர்னை, அதாவது அதைப் பின்னும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் குறிப்பை, இறக்கிக்கொண்டு நூல் வாங்கி மடமடவென்று தொடங்கிவிடுவோம். அக்கா மகளுக்கு முதல் ஸ்வெட்டரை நானும் அப்படித்தான் பின்னினேன். பேட்டர்னில் "2 வயது" என்று மட்டும் போட்டிருந்தது, அவளுக்கும் 2 வயது, வேறென்ன பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்துப் போட்டுப் பார்த்தால், கை நீளம் கச்சிதமாக இருக்கிறது, முன்பக்கம் பட்டன் போட வரவில்லை. அவள் மார்புச் சுற்றளவு 53 செ.மீ., ஸ்வெட்டரின் சுற்றளவு 52. அதற்கப்புறம் வயதை மட்டும் நம்பி நான் எந்தப் பேட்டர்னையும் எடுத்ததில்லை.

அதனால் தேட உட்காருவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். மார்புச் சுற்றளவு, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை கை நீளம், தோளிலிருந்து இடுப்பு வரை உடல் நீளம், தலைச் சுற்றளவு, இந்த நான்கும் போதும். குழந்தை வெளியூரில் இருந்தால் அதற்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள், அது இன்னும் சுலபம், ஏனென்றால் சட்டை ஓடாது.

அளக்க வழியே இல்லை, குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை என்றால் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் என்ற அமெரிக்க நூல் துறை அமைப்பு வெளியிட்டிருக்கும் அளவு அட்டவணையைப் பார்க்கலாம். அதன்படி மார்புச் சுற்றளவு 3 மாதத்தில் 40.5 செ.மீ., 6 மாதத்தில் 43, ஒரு வயதில் 45.5, 2 வயது அளவுக்கு 53, நான்குக்கு 58.5, ஆறுக்கு 63.5, பத்துக்கு 71. இது குழந்தையின் உடம்பு அளவு, ஸ்வெட்டரின் அளவு இதைவிட 5 முதல் 10 செ.மீ. வரை கூடுதலாக இருந்தால்தான் உள்ளே ஒரு சட்டையோடு வசதியாகப் போட முடியும். நல்ல பேட்டர்ன் என்றால் முடித்த பிறகு வரும் அளவையும் கொடுத்திருக்கும். அது இல்லாத பேட்டர்னை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். பச்சைக் குழந்தைக்குப் பரிசாகப் பின்னுகிறீர்கள் என்றால் 6 மாதத்துக்கோ ஒரு வயதுக்கோ உள்ள அளவைத் தேடுவதே நல்லது, பிறந்த குழந்தையின் அளவு கண் மூடித் திறப்பதற்குள் சிறிதாகிவிடும். ஆனால் அந்த வயது வரும்போது குளிர்காலமா வெயில்காலமா என்று விரலை மடக்கி ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

கைக்குழந்தைக்கு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு வயதில் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 46 செ.மீ., மார்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பெரியவர்களுக்கு வரும் மாதிரி சின்னக் கழுத்து வைத்த ஸ்வெட்டர் அந்தத் தலைக்குள் நுழையாது, நுழைக்கப் பார்த்தால் அழுகைதான். எனவே 2 வயதுக்குள் என்றால் முன்பக்கம் திறக்கும் கார்டிகன், தோளில் பட்டன் வைத்தது, கழுத்து ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விரியும் வகை, இந்த மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.

சரி, எங்கே தேடுவது? நான் எப்போதும் தொடங்கும் இடம் ராவெல்ரி என்ற இணையதளம். 2007 முதல் இருக்கிறது, கணக்குத் தொடங்கக் காசு கிடையாது, பின்னலுக்கும் குரோஷாவுக்கும் (கொக்கி ஊசி ஒன்றால் பின்னுவது) இதைவிடப் பெரிய பேட்டர்ன் களஞ்சியம் எனக்குத் தெரிந்து இல்லை. சும்மா பேபி ஸ்வெட்டர் என்று தட்டினால் பல்லாயிரம் வந்து கொட்டும், அதில் மூழ்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் வடிகட்டிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள்: பின்னலா குரோஷாவா, குறைமாதக் குழந்தை முதல் டீன் ஏஜ் வரை எந்த வயது, நூலின் தடிமன் என்ன, கையில் எத்தனை மீட்டர் நூல் இருக்கிறது, இலவசமா. நான்கைந்து வடிகட்டி போட்டதும் பட்டியல் சின்னதாகிவிடும். அதில் ஒன்றைத் திறந்ததும், பேட்டர்ன் எழுதியவர் போட்ட படத்தை விட்டுவிட்டு, அதையே பின்னிய மற்றவர்களின் படங்களுக்குப் போங்கள். சாதாரண வெளிச்சத்தில், சாதாரணக் குழந்தை போட்டிருக்கும்போது அது எப்படி விழுகிறது என்று அங்கேதான் தெரியும். "கழுத்து இறுக்கம், நான் 6 கண்ணி (ஊசியில் ஏறும் வளையம்) கூடுதலாகப் போட்டேன்" என்பது மாதிரிக் குறிப்புகளையும் எழுதி வைத்திருப்பார்கள், ஒரு வாரப் பிரிப்பு வேலை அதில் மிச்சமாகும்.

இலவசமாகவே வேண்டும் என்றால் நார்வேயைச் சேர்ந்த டிராப்ஸ் டிசைன் தளம் ஒரு பெரிய வரம். குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனிப் பகுதி, பல மொழிகள், புரியாத தையலுக்கு வீடியோ. யார்ன்ஸ்பிரேஷன்ஸ், லயன் பிராண்ட் மாதிரி நூல் நிறுவனங்களும் இலவசமாக நிறையக் கொடுக்கின்றன, அவர்கள் நூலை விற்பதற்காகத்தான், இருந்தாலும் அதே தடிமனில் வேறு நூலைப் போட்டுக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. வீட்டில் கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளை, டீன் ஏஜ் என்று மூன்றும் இருந்தால் டின் கேன் நிட்ஸ் என்ற பேட்டர்ன் நிறுவனத்தின் ஃபிளாக்ஸ் என்ற இலவச ஸ்வெட்டரைப் பாருங்கள். ஒரே பேட்டர்னில் குழந்தை முதல் பெரியவர் வரை அளவு இருக்கிறது, கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவதால் நடுவில் போட்டுப் பார்த்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வளரும் பிள்ளைக்கு இந்த மாதிரி மேலிருந்து கீழே வரும் பேட்டர்ன்தான் என் முதல் தேர்வு: அடுத்த வருஷம் ஓரத்தைப் பிரித்து, கண்ணிகளை எடுத்து, இன்னும் 5 செ.மீ. நீட்டிவிடலாம்.

பழைய காலத்துத் தொப்பி, காலுறை பிடிக்கும் என்றால் ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரி என்ற தளத்தில் பழைய புத்தகங்களை அப்படியே ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஊசி எண்ணில் மட்டும் ஜாக்கிரதை. 8ஆம் எண் என்றால் அமெரிக்க முறையில் 5 மி.மீ., பழைய பிரிட்டிஷ் முறையில் 4 மி.மீ. எப்போதும் மில்லிமீட்டரை வைத்தே முடிவு செய்யுங்கள்.

குரோஷாவிலும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷா என்பார்கள், அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். மாற்றிப் படித்தால் துணியின் உயரமே வேறாகிவிடும். பேட்டர்னில் எங்காவது சிங்கிள் குரோஷா என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல்லே கிடையாது. குறியீட்டு வரைபடம் உள்ள பேட்டர்ன் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, குறியீடு பழகியவர்கள் ஜப்பானியப் பேட்டர்னைக்கூட மொழி தெரியாமல் பின்னிவிடலாம். அங்கே குழந்தை அளவை 80, 90, 100 என்று செ.மீ. உயரத்தில் போட்டிருப்பார்கள்.

நூல் வாங்கும் முன் கேஜ், அதாவது 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி வர வேண்டும் என்று சொல்லும் வரியைப் பாருங்கள். நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருக்கிறது, மார்புக்கு 132 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியானால் ஸ்வெட்டர் 60 செ.மீ. உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 132 கண்ணி 66 செ.மீ. ஆகிவிடும். 2 வயதுக்கு என்று தொடங்கியது 4 வயதுக்குப் போய் நிற்கும். எனவே ஒரு சின்னத் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். சேரவில்லை என்றால் ஊசியை மாற்றுங்கள், அல்லது உங்கள் கேஜுக்கு ஏற்ற வேறு பேட்டர்னைத் தேடுங்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரே உருவாக்கிய படத்தைப் போட்டு, பின்னவே முடியாத பேட்டர்னை விற்கிறார்கள். குரோஷா பொம்மைகளில் இது அதிகம். படத்தைப் பெரிதாக்கித் தையல்களைப் பாருங்கள், வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் தொடர முடியவில்லையென்றால், ஒரே ஒரு பளபளப்பான படம்தான் இருக்கிறதென்றால், வேறு யாரும் அதைச் செய்து காட்டியதாகத் தெரியவில்லை என்றால், காசு கொடுக்காதீர்கள். உண்மையிலேயே சோதித்து எழுதியவருக்குத் தாராளமாகக் கொடுங்கள், ஏழெட்டு அளவுக்குக் கணக்குப் போடுவது லேசான வேலை இல்லை.

பேட்டர்ன் அழகாக இருந்தாலும் பாதுகாப்பு முக்கியம். கழுத்திலும் குல்லாவிலும் இழுக்கும் கயிறு வைத்த எதையும் சின்னப் பிள்ளைக்கு எடுக்காதீர்கள், எங்காவது மாட்டினால் ஆபத்து. 3 வயதுக்குள் உள்ள குழந்தையின் பொம்மைக்குக் கண்ணாகப் பட்டன் வேண்டாம், நூலாலேயே தைத்துவிடுங்கள். ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் போர்வையோ பொம்மையோ கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பெரிய ஓட்டை விழும் லேஸ் போர்வையில் குட்டி விரல்கள் மாட்டிக்கொள்ளும், நெருக்கமான தையல் உள்ளதைத் தேடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மார்பைவிடக் கையும் உடம்பும்தான் வேகமாக நீளும், அதனால் நீளத்தை மாற்ற வழி சொல்லும் பேட்டர்னாகப் பாருங்கள், நூலும் மெஷினில் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டால் சிறுவர் பகுதியில் தேடவே வேண்டாம், பெரியவர்களின் மிகச் சிறிய அளவு பெரும்பாலும் பொருந்தும், உடல் அளவை மட்டும் ஒத்துப் பாருங்கள். டீன் ஏஜ் பிள்ளைக்கு என்றால் நீங்கள் மூன்று தேர்ந்தெடுத்து அவர்களிடம் காட்டுங்கள், நிறத்தை அவர்களே சொல்லட்டும். அக்கா மகளுக்கு இப்போது 13 வயது. போன மாதம் நான் காட்டிய மூன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே ராவெல்ரியில் தேடி ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்து அனுப்பினாள், கூடவே தன் மார்புச் சுற்றளவையும் கை நீளத்தையும் அளந்து எழுதியிருந்தாள்.