மெல்லிய லேஸ் நூலுக்கு எந்த ஊசி? புதிதாகப் பின்னுபவர்களுக்கு

லேஸ் சால்வை பின்ன ஆசைப்பட்டு நூலும் வாங்கியாயிற்று. 50 கிராம் கண்டிலேயே ஏறக்குறைய 400 மீட்டர் ஓடும் அளவுக்கு மெல்லிய நூல். உடனே எல்லோரும் கேட்பது, "எத்தனை மி.மீ. ஊசி?" என்னைக் கேட்டால், அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். முனை எப்படி இருக்கிறது, நூல் அதில் வழுக்குகிறதா நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அளவை மாதிரித்துண்டு பின்னிப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

படி 1: முனையைப் பாருங்கள்

லேஸ் பின்னலில் இரண்டு வேலைகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஊசியில் நூலைச் சுற்றி ஓட்டை விடுவது (யார்ன் ஓவர்) ஒன்று. இரண்டு மூன்று கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) சேர்த்து ஒன்றாக்குவது இன்னொன்று. சிக்கல் இரண்டாவதில்தான். முனை மழுங்கலாக இருந்தால் மூன்று கண்ணிக்குள் அது நுழையவே நுழையாது. நீங்கள் முட்ட முட்ட பக்கத்துக் கண்ணி நழுவிவிடும். எஸ்தோனியாவின் ஹாப்சாலு சால்வைகளில் 'நுப்' என்ற சிறு மொட்டுகள் வரும். ஒரே கண்ணியிலிருந்து ஐந்து, ஏழு என்று கண்ணிகளை எடுத்து, அடுத்த வரிசையில் அத்தனையையும் ஒரே குத்தில் சேர்த்து பர்ல் (எதிர்ப்பக்கப் பின்னல்) செய்ய வேண்டும். மழுங்கிய ஊசியில் அதை முயன்று பார்த்தால் முனையின் அருமை புரியும்.

ஆகவே நீண்டு சரிந்து கூராக முடியும் முனையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் தளர்வாக முறுக்கிய நூலைக் கூர்முனை பிளந்துவிடும். வாங்கும் முன்பே சோதிக்கலாம்: நூலை இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்து, ஊசிமுனையை அதன் அடியில் நுழையுங்கள். நூலைத் தூக்கிக்கொண்டு வந்தால் சரி. இழைகளுக்கு நடுவே புகுந்தால் சற்று உருண்ட முனைக்கு மாறுங்கள். (முனையை ஆள்காட்டி விரலால் தள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அதை இப்போதே விட்டுவிடுவது விரலுக்கு நல்லது.)

படி 2: மூங்கிலா, உலோகமா?

மூங்கிலும் மரமும் நூலைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். உலோகத்தில் நூல் வழுக்கிக்கொண்டு ஓடும். வேகம் கிடைக்கும், கண்ணி நழுவும் அபாயமும் கூடவே வரும். பட்டு கலந்த நூல் தானே வழுக்கும், அதற்கு மூங்கில். மொஹேர் போல ரோமம் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும் நூலுக்கு உலோகம் வசதி. முதல் சால்வை என்றால் நான் யோசிக்காமல் மூங்கிலைத்தான் சொல்வேன்.

நிறத்தையும் கவனியுங்கள். கருநீல நூலைக் கறுத்த ஊசியில் போட்டால் கண்ணியை எண்ணவே முடியாது.

படி 3: வட்ட ஊசி வாங்குங்கள்

சால்வை அகலமாகும்போது நூற்றுக்கணக்கான கண்ணிகள் சேரும். நேர் ஊசியில் அவை நெருக்கியடித்துக்கொண்டு நுனியில் வழுக்கும். 80 செ.மீ. வட்ட ஊசி, அதாவது இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கேபிளால் இணைத்தது, போதும். வட்டமாகப் பின்னாமல், நேர் ஊசி போலவே முன்னும் பின்னும் திருப்பிப் பின்னலாம்.

இதில் பார்க்க வேண்டிய இடம் ஊசியும் கேபிளும் சேரும் மூட்டு. நகத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிறது என்றால் மெல்லிய நூல் ஒவ்வொரு வரிசையிலும் அங்கே மாட்டும். திருகிக் கழற்றும் ஊசிகளில் திருகு தளர்ந்தால் அந்த இடுக்கில் நூல் சிக்கும். அவ்வப்போது இறுக்கிக்கொள்ளுங்கள். கேபிள் சுருண்டே கிடந்தால் ஊசி நனையாமல் கேபிளை மட்டும் வெந்நீரில் சற்று வைத்து நீட்டிவிட்டால் படியும்.

படி 4: இப்போது அளவு

நூல் மிக மெல்லியது, ஆகவே 2 மி.மீ. ஊசிதான் வேண்டும் என்று தோன்றும். அதில் பின்னினால் துணி அடர்த்தியாக வரும், ஓட்டைகள் மூடிக்கொள்ளும். லேஸுக்கு நூலின் தடிமனைவிடப் பெரிய ஊசி வேண்டும். 3.5 மி.மீ.யில் தொடங்குங்கள், பெரும்பாலான லேஸ் நூல்களுக்கு 3.25 முதல் 4 வரைக்குள் விடை கிடைத்துவிடும்.

ஊசியில் எண் மட்டும் இருந்தால் நம்பி வாங்காதீர்கள். அமெரிக்க முறையில் 10 என்றால் 6 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் முறையில் அதே 10 வெறும் 3.25 மி.மீ. பிரிட்டிஷ் எண் கூடக் கூட ஊசி மெலியும். மி.மீ. அளவைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: மாதிரித்துண்டு, அதையும் நனைத்து

30 கண்ணி போட்டு, சால்வைக்கான அதே டிசைனை 3.5 ஊசியில் ஒரு சாண் அளவு பின்னுங்கள். நடுவே பர்ல் வரிசை ஒன்றை அடையாளமாகப் போட்டு, 4 மி.மீ.க்கு மாறி இன்னொரு சாண். ஊசியிலிருந்து இறக்கும்போது கசங்கிய துணி போலத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. பிறகு நான்கு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்தி, முழுக்க உலரும்வரை தொடாதீர்கள்.

குண்டூசிகளை எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துணி சுருங்கி ஓட்டைகள் மூடிக்கொண்டால் ஊசி சிறியது. டிசைனின் கோடுகள் கலங்கி, வெறும் வலையாகத் தொங்கினால் பெரியது. ஓட்டை திறந்தும் கோடு தெளிந்தும் இருக்கும் பகுதி எந்த ஊசியில் பின்னியதோ, சால்வைக்கு அதுதான்.

இன்னொன்றும் கூடவே வாங்கிவிடுங்கள்: தேர்ந்த அளவைவிட அரை அல்லது ஒரு மி.மீ. பெரிய ஊசி. முதல் வரிசையைப் போடவும் கடைசி வரிசையை முடிக்கவும் அது வேண்டும். அந்த ஓரங்கள் இறுகிவிட்டால், நனைத்து எவ்வளவு இழுத்தாலும் சால்வை விரியாது.