அதிகம் ஓடிய பாக்ஸ்டர்: கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

எங்கள் பட்டறை எட்டிமடைப் பக்கம். வாளையார் தாண்டினால் பாலக்காடு. அதனால் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கேரளப் பதிவு எண்தான். பழைய போர்ஷே பாக்ஸ்டர் (துணிக் கூரையை மடிக்கக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றால் வாங்க வருபவர்கள் மீட்டரைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இருபதாயிரம்தான் ஓடியது என்றால் உடனே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வருடக் கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும். ஒழுங்காக எண்ணெய் மாற்றி ஓட்டிய வண்டியை நம்பி வாங்கலாம். வாங்கிய பிறகு எதில் முதலில் கை வைக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, பெயின்ட்டில் தொடங்குவது. கையில் இருக்கிற பணம் டென்டிங், பாலிஷ், சீட் கவருக்குப் போய்விடும். மழை வந்ததும் அந்தச் செலவு வீணாகும். பாக்ஸ்டரின் துணிக் கூரையில் விழும் தண்ணீர் வெளியேற, கூரை மடிந்து உட்காரும் இடத்தின் இரண்டு ஓரங்களிலும் வடிகால் துளைகள் உண்டு. மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அவை அடைத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழையில் பாலக்காட்டில் நின்ற ஒரு வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பிழிந்தேன். கால் வாளி தண்ணீர் வந்தது. இருக்கைக்கு அடியில்தான் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அந்த வண்டிக்கு அதற்கு முன் வேறொரு பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும் மாற்றியிருந்தார்கள். துளையில் வளையும் நைலான் ஒயரை விட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் தரையில் கொட்டினால் சரி.

அடுத்தது புகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று கொஞ்சம் புகை வந்தால் பயப்பட வேண்டாம். பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால், வண்டி நிற்கும்போது கொஞ்சம் எண்ணெய் உள்ளே கசிவது இயல்பு. தெருவே மறையும் அளவுக்கு வெண்புகை நிற்காமல் வந்தால்தான் கோளாறு. அப்போதும் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று எஞ்சினை இறக்க ஓடாதீர்கள்.

"தம்பி, எஞ்சின் முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு பெரியவர் கலங்கிப்போய் வந்தார். "கொஞ்சம் பொறுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கப் பார்த்தேன். உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் மூடி வர மறுத்தது. எண்ணெய் ஆவியைப் பிரிக்கிற செப்பரேட்டரில் சவ்வு கிழிந்தால் இப்படித்தான் இருக்கும். எஞ்சினை இறக்காமலே அதை மாற்றிவிடலாம். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே புகை வரும். இந்த எஞ்சின் சுமார் எட்டரை லிட்டர் கொள்ளும். அளவைப் பார்க்காமல் கண் மதிப்பில் ஊற்றுபவர்கள் கூட்டியோ குறைத்தோ கெடுக்கிறார்கள்.

பெரிய செலவு கிளட்ச் மாற்றும் இடத்தில் இருக்கிறது. 2008 வரை வந்த பாக்ஸ்டர் எஞ்சின்களில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளின் சங்கிலிகளை ஓட்டும் இடைத்தண்டு (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ்) ஒன்று உண்டு. அதன் கோடியில் இருக்கும் பேரிங்தான் ஐஎம்எஸ் பேரிங். அது உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். 2000க்குப் பிறகு சில வருடங்கள் வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் அதிகம் பழுதாகிறது. 2006 முதல் போட்ட பெரிய பேரிங் உறுதியானது, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடல் முதல் அந்தத் தண்டே கிடையாது. பழைய பேரிங்கைத் தொட கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் இறங்கியாக வேண்டும். கிளட்சுக்காக அவற்றை இறக்கிவிட்டு, பேரிங்கையும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் கிராங்க் சீலையும் பார்க்காமல் மூடுவது இருமுறை கூலி கொடுப்பதற்குச் சமம்.

பேரிங்கை எடுக்கும் முன் கிராங்கையும் கேமையும் அசையாமல் பூட்டுவதும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களைத் தளர்த்துவதும் கட்டாயம். இல்லையென்றால் சங்கிலி ஒரு பல் நழுவி டைமிங் மாறிவிடும். அப்புறம், கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு லேத் இருக்கிறது என்பதற்காக ஃப்ளைவீலைக் கொண்டுபோய் சீவக் கூடாது. அது உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல். சோதித்துப் பார்த்து, ஆட்டம் அதிகமிருந்தால் மாற்ற வேண்டும். பழைய ஃப்ளைவீல் போல்ட்டுகளையும் மறுபடி போடாதீர்கள், அவை ஒரு முறைக்குத்தான்.

கூலன்ட்டில் குழாய்த் தண்ணீரை விடாதீர்கள். எஞ்சின் நடுவில், ரேடியேட்டர்கள் முன்னால். இடையில் நீண்ட குழாய்கள் ஓடுகின்றன. காற்று சிக்கினால் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும். முன் பம்பரைக் கழற்றி, ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் இடையில் இருக்கும் சருகை வாரி எடுங்கள். அந்த ஈரக் குப்பைதான் அலுமினியத்தை அரிக்கிறது.

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பழைய எண்ணெய் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். டயரில் பட்டன் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. அந்த டயரில் மலை இறங்கவே கூடாது. வீல் போல்ட்டுகளை ஏர் கன்னால் முறுக்கிவிட்டுப் போகிறார்கள். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சில் 130 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வண்டி வந்ததும் எண்ணெயை இறக்கி, ஃபில்டர் தாளை வெட்டி, வெள்ளைத் துணியில் மடிப்பு மடிப்பாக விரித்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் அது சங்கிலித் தடத்தின் தேய்மானம். ஒன்றிரண்டு இருந்தால் குறித்துவைத்துக்கொள்வேன். மின்னுகிற துகள் இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோவேன். ஒட்டினால் அது இரும்பு, பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். அந்த வண்டியைப் பட்டறையிலிருந்து ஓட்டிக்கொண்டு போக விடமாட்டேன். லாரியில் ஏற்றித்தான் அனுப்புவேன்.