நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கதை எழுத வைப்பது எப்படி?

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் "உனக்குப் பிடித்த கதை ஒன்று எழுது" என்று சொன்னால் என்ன வரும் என்பது வகுப்பெடுக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு ஊரில் ஒரு ராஜா, காட்டுக்குப் போனார், சிங்கம் வந்தது, கொன்றார், நீதி: தைரியம் வேண்டும். ஐந்து வரியில் முடிந்துவிடும். ஆனால் அதே பிள்ளை முந்தின நாள் தெருவில் பந்து தொலைந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் மூச்சு விடாமல் சொல்லும், நடுவில் மாமி குரலில் பேசிக்கூடக் காட்டும். சொல்ல விஷயம் ஏராளமாக இருக்கிறது, அது தாளுக்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஞாயிறு மதியங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எனக்குக் கைகூடிய வழியை இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை: ஒரு பக்கம் அச்சான பழைய தாள்கள், பென்சில். அழி ரப்பர் வேண்டவே வேண்டாம், பிடிக்காததைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போகட்டும். கோடு போட்ட புது நோட்டும் வேண்டாம். புது நோட்டைத் திறந்தாலே பிள்ளைகளுக்குக் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை வந்துவிடுகிறது, அப்புறம் கதை வராது.

முதல் படி, இரண்டு சொற்கள். இத்தாலியின் சிறுவர் எழுத்தாளர் ஜானி ரோடாரி, கதை பிறக்க ஒரு சொல் போதாது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் மோத வேண்டும் என்று 1973இல் வெளிவந்த தன் புத்தகத்தில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நாயும் அலமாரியும். நாம் இரண்டு டப்பா வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் உயிருள்ளவை, இன்னொன்றில் பொருட்கள், சீட்டுகளைப் பிள்ளைகளே எழுதிப் போடட்டும். அன்பு, நட்பு, ஒற்றுமை போன்ற சொற்களை மட்டும் உள்ளே விடாதீர்கள். அவை வந்தால் நீதி முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு கதைக்கு இடம் விடாது.

இரண்டாவது படி தமிழுக்கென்றே செய்து வைத்தது போல அமைகிறது. ரோடாரி இரண்டு சொற்களையும் பெயருக்கு முன்னால் வரும் முன்னிடைச்சொற்களால் (ஆங்கிலத்தில் in, on, with போல) இணைத்தார், நமக்கு வேற்றுமை உருபு இருக்கிறது. ஒரு வாரம் வந்த சீட்டு ஆமை, ரேஷன் கார்டு. பலகையில் இப்படி எழுதினோம்: ஆமையின் ரேஷன் கார்டு, ரேஷன் கார்டில் ஆமை, ஆமைக்கு ரேஷன் கார்டு, ரேஷன் கார்டோடு ஆமை, ரேஷன் கார்டால் ஆமை... ஒவ்வொன்றும் ஒரு கதை. "ரேஷன் கார்டில் ஆமை" என்றால் குடும்பத் தலைவர் படம் இருக்கும் இடத்தில் ஆமை அச்சாகியிருக்கிறது. "ஆமைக்கு ரேஷன் கார்டு" என்றால் ஆமை வரிசையில் நிற்கிறது. எது வேண்டும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். உருபு பாடமும் கூடவே நடந்துவிடும், ஆனால் அதை அப்போது சொல்லிக் காட்ட வேண்டாம்.

மூன்றாவது படி சின்னது. யாருக்கு என்ன வேண்டும், ஏன் இன்றைக்கே வேண்டும்? ஒரே வரி. "ஆமைக்கு ரேஷன் கார்டு வேண்டும், நாளைக்குப் பொங்கல், சர்க்கரை இல்லை."

நான்காவது படிதான் கதையின் நடுப்பகுதி. எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்ததும் இதுதான். ஆசையைச் சொன்ன அடுத்த வரியிலேயே பிள்ளைகள் அதைக் கொடுத்துவிடுவார்கள். "ஆமை ஆபீசுக்குப் போனது. கார்டு கொடுத்தார்கள். மகிழ்ச்சியாக வாழ்ந்தது." அல்லது தேவதை வந்து கொடுக்கும். "இன்னும் விரிவாக எழுது" என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை, "மிகவும் மகிழ்ச்சியாக வாழ்ந்தது" என்று ஒரு சொல்தான் கூடும். வேலை செய்வது ஒரே ஒரு கேள்வி: "உடனே கொடுத்துட்டாங்களா?" அதைக் கேட்டுவிட்டு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பதில் சொல்லிக் கொடுக்கத் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேள்வியைக் கேட்டதும் ஒரு பையன், "இல்ல, அட்ரஸ் கேட்டாங்க" என்றான். ஆமைக்கு வீடு முதுகில்தானே, காலையில் ஒரு தெரு, சாயங்காலம் ஒரு தெரு, எந்த முகவரியை எழுதுவது? முதல் தடை கிடைத்துவிட்டது. அதை எப்படியோ தாண்டிய பிறகு மறுபடி அதே கேள்வி. இந்த முறை ஒரு சிறுமி, "கைரேகை விழல, எங்க ஆயாவுக்கும் விழாது" என்றாள். கருவிழியைக் காட்டச் சொன்னால் ஆமை பயத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றாள் இன்னொருத்தி. பாருங்கள், ராஜாவும் சிங்கமும் இல்லாமல் அவர்கள் கண்ணால் பார்த்த ரேஷன் கடை கதைக்குள் வந்துவிட்டது! இரண்டு தடை போதும், மூன்று இருந்தால் நல்லது, அதற்கு மேல் போனால் எழுதும் கை சோர்ந்துவிடும். இன்னொரு விதி: முடிவில் தீர்வு வெளியிலிருந்து வரக்கூடாது, அந்தப் பாத்திரத்திடம் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து வர வேண்டும். "கண் விழித்துப் பார்த்தால் எல்லாம் கனவு" என்பதற்கு எங்கள் வகுப்பில் நிரந்தரத் தடை.

அப்புறம் பேச்சு. வாயால் சொல்லும்போது "ஏய், வரிசைல வா!" என்று கத்தும் பிள்ளை, எழுதும்போது "வரிசையில் வருமாறு அவர் கூறினார்" என்று எழுதும். பரீட்சைப் பழக்கம் அது. மேற்கோள் குறிக்குள் வருவது அவரவர் வீட்டுப் பேச்சிலேயே இருக்கலாம், வெளியே வரும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும் என்று பிரித்துச் சொல்லுங்கள். இந்த ஒரு அனுமதியில் கதைக்கு உயிர் வந்துவிடுகிறது. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர் என்றால் "ஏலே" என்று கூப்பிடட்டும், அதில் என்ன தப்பு?

திருத்தம் கடைசியில். முதல் பிரதியில் ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் தொடவே தொடாதீர்கள். சிவப்பு மை பட்ட தாளைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை தனக்கு எழுத்து தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும், "முழங்கால்" என்று எழுத நினைத்து "கால்" என்று எழுதிவிட்டுப் போய்விடும். கதையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், படிக்கும்போது தடுக்கும் இடத்தை அவர்களே சரிசெய்வார்கள். பிழைகளை மறுவாரம், நல்ல பிரதி எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துவிட்டு முயன்ற சிலர் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். ஒன்று, டிவி கார்ட்டூன் கதையையே எழுதித் தரும் பிள்ளை. தடுக்க வேண்டாம், அந்தப் பாத்திரம் உங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடுங்கள், தண்ணீர் லாரி வரும் நேரத்தில் வந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, நன்றாகச் சொல்லத் தெரிந்தும் எழுத்து வராத பிள்ளை. போனில் இருக்கும் கூகுள் விசைப்பலகையான ஜிபோர்டில், பேசினால் எழுத்தாக்கும் குரல் தட்டச்சு இருக்கிறதே என்று கேட்டார்கள். சிறுவர் குரலுக்கும் பேச்சுத் தமிழுக்கும் அது பல இடங்களில் தடுமாறுகிறது, பிள்ளை கதையை விட்டுவிட்டுத் திரையைத் திருத்த ஆரம்பித்துவிடுகிறது. அதைவிட நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக் கொடுங்கள். கடைசி இரண்டு வரியை மட்டும் அவர்கள் கையால் எழுதட்டும், அடுத்த வாரம் நான்கு வரி.